அம்மா கண்ணுக்கு எந்த லென்ஸ்?

கொச்சியின் வில்லிங்டன் தீவில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் விளக்குகளின் நேரம். தீவின் ஒரு பக்கம் எர்ணாகுளம் கால்வாய், மறுபக்கம் மட்டாஞ்சேரிக் கால்வாய். நடுநீரில் மிதவை விளக்குகள் விட்டு விட்டு மின்னும். உள்ளே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அவற்றுக்குப் பின்னால் கரையோர ஓட்டல்களின் விளக்குகள், பாலத்தில் ஓடும் லாரிகளின் முகப்பு விளக்குகள், துறையில் கட்டி நிற்கும் கப்பலின் மேல்தட்டு விளக்குகள். இந்தக் காயலில் படகு ஓட்டும் ஸ்ராங்குக்கு (படகோட்டிக்கு இங்கே அதுதான் பேர்) இருட்டில் வழி சொல்பவை இந்தப் புள்ளிகள்தாம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வளையம் விழுந்தால் அவர் என்ன செய்வார்?

தீவிலிருந்து பாலம் தாண்டி, தோப்பும்படி வழியாக ஃபோர்ட் கொச்சிக்குப் போனால் 'வெளி' என்ற இடத்தில் தோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். துணியின் ஓரத்தில் பொட்டு போல ஒரு குறி. ஒரு காலத்தில் சேராங்கொட்டைச் சாற்றால் போட்டது, இப்போது மையால் போடுவது. எந்த வீட்டுச் சட்டை, எந்த ஓட்டல் விரிப்பு என்பதை அந்தக் குறிதான் சொல்லும். அதைப் படிக்கக் கை நீட்டும் தூரம்கூட வேண்டாம். முழங்கை மடித்த தூரம் போதும்.

ஸ்ராங்குக்கும் இங்கே துணி தேய்க்கும் பெரியவருக்கும் அறுபத்தைந்து வயது, இருவருக்கும் கண்ணில் புரை என்று வைத்துக்கொள்வோம். மலையாளத்தில் அதைத் திமிரம் என்பார்கள். நகரத்துக் கண் மருத்துவமனைகளில் இருவர் முன்னாலும் நீட்டப்படும் விலை அட்டை ஏறத்தாழ ஒன்றுதான். கீழே ஒரே தூரத்துக்குக் குவிக்கும் மோனோஃபோகல் வகை இந்திய மடிப்பு லென்ஸ், அதற்கு மேல் இறக்குமதி மோனோஃபோகல், அதற்கும் மேல் சிலிண்டர் பவரைத் திருத்தும் டோரிக், தெளிவாகத் தெரியும் தூரத்தை நீட்டும் ஈடாஃப், மூன்று தூரங்களுக்குக் குவிக்கும் ட்ரைஃபோகல். ஒரு கண்ணுக்கான செலவு சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். அட்டையைப் பார்த்ததும் குடும்பம் தனக்குள் பேசிக்கொள்வதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அம்மாவோட கண்ணு. இதுல போய்க் கணக்குப் பாக்கலாமா?" வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் சொல்வான்: "இருக்கிறதிலேயே நல்லதை வைங்க, பணம் நான் அனுப்புறேன்." நல்லது என்று அவன் சொல்வது அட்டையின் உச்சியில் இருப்பதைத்தான்.

விலை கூடக்கூடப் பார்வை கூடும். வெளிநாட்டு லென்ஸ் நம்மூர் லென்ஸைவிடத் தெளிவு. குறைந்த விலை லென்ஸ் வைப்பது பெற்றவர்களுக்குச் செய்யும் வஞ்சனை. இந்த மூன்றும் சேர்ந்த நினைப்பு இன்று நடுத்தரக் குடும்பங்களில் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. படித்தவர்களிடம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறு. பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிற தவறு; சிலருக்குக் கண்ணையே பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற தவறு.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மரத்துப்போகச் சொட்டு விட்ட கண்ணின் ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல். புரை படிந்த லென்ஸை மூடியிருக்கும் பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு. மீயொலி அதிர்வில் புரை உடைந்து உறிஞ்சப்படுகிறது. மிஞ்சுவது காலியான பை மட்டும். அதன் பின்சுவர் நடுவில் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனம்தான். இன்ஜெக்டரின் மூக்கைக் கீறலுக்குள் நுழைத்து அழுத்தினால், சுருண்டிருந்த லென்ஸ் அந்தப் பைக்குள் நிதானமாக விரிகிறது. ஆறு மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வில்லை, இருபுறமும் வளைந்த இரண்டு கைகள். கைகள் பையின் ஓரத்தில் ஊன்றிக்கொள்ள, வில்லை நடுவில் நிற்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலை.

இதில் பார்வையைத் திருப்பித் தந்தவை எவை? புரை போனது, பை கிழியாமல் இருந்தது, சரியான பவரில் தெளிந்த வில்லை ஒன்று நேராக உட்கார்ந்தது, கிருமி உள்ளே போகாதது, கண்ணின் பின்னால் விழித்திரை நன்றாக இருந்தது. இவை ஐந்தும் அமைந்தால் அட்டையின் கடைசி வரியில் இருக்கும் மோனோஃபோகல் லென்ஸ் தரும் தூரப் பார்வையை உச்சி வரி லென்ஸ் தாண்டிவிடாது. 2016-இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, ஒளியைப் பல தூரங்களுக்குப் பிரிக்கும் மல்டிஃபோகலையும் (ட்ரைஃபோகல் அதில் ஒரு வகை) மோனோஃபோகலையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தூரப் பார்வை இரண்டிலும் ஏறக்குறைய சமம். கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் பார்ப்பது மல்டிஃபோகலில் மேல். கண்ணாடித் தேவையும் குறைவு. ஆனால் ஒளிவளையத் தொல்லை மல்டிஃபோகலில் அதிகம்.

அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? கண்ணாடி போடாமல் இருப்பதற்கு. அது நியாயமான ஆசைதான். ஆனால் பார்வையின் தரம் வேறு, கண்ணாடியிலிருந்து விடுதலை வேறு. விலை அட்டை இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக வரைந்து காட்டுகிறது. தவறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த விடுதலைக்குக் கண் கொடுக்கும் விலையும் ஒன்று உண்டு. மோனோஃபோகல் வந்த ஒளி முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவிக்கிறது. மல்டிஃபோகல் அதைப் பங்கு போடுகிறது. நுண்ணிய வட்ட வரிகள் செதுக்கிய பழைய இருகுவிய லென்ஸ்களில் கணக்கு இப்படி: தூரத்துக்கு 41 விழுக்காடு, கிட்டத்துக்கு 41 விழுக்காடு, மிச்சம் 18 எதற்கும் உதவாமல் சிதறிப் போகும். புதிய ட்ரைஃபோகல்கள் இந்த இழப்பைக் குறைத்திருக்கின்றன. ஆனால் இருக்கிற ஒளியைத்தான் மூன்று பங்காக்குகின்றன, புதிதாக ஒளி உண்டாக்குவதில்லை. தூரத்து விளக்கைப் பார்க்கும்போது கிட்டத்துக்கான பங்கு ஒளி குவியாமல் பரவி விளக்கைச் சுற்றி வளையமாக விழும். மங்கலான வெளிச்சத்தில் சாம்பலுக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு தெரிவதும் குறையும். எந்த நிறுவனம் செய்தாலும் இது ஒளியின் இயல்பு. பெரும்பாலோருக்கு மூளை சில மாதங்களில் இதற்குப் பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை.

வில்லிங்டன் தீவின் ஸ்ராங்கை இப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய மகன் கடன் வாங்கி உச்சி வரி லென்ஸ் வைக்கிறான். அப்பா வீட்டில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவருடைய சோறு இருக்கும் இடம் இரவு ஏழு மணிக் காயல். அங்கே பச்சைப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம், சிவப்பைச் சுற்றி ஒன்று, மழைச் சாரலில் இரண்டும் கலந்த ஒரு மினுக்கம். இவருக்குக் குறைந்த விலை மோனோஃபோகல்தான் உயர்ந்த லென்ஸ். இரவில் லாரி ஓட்டுபவர், விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், ரயில் ஓட்டுபவர் எல்லோருக்கும் இதுவே பொருந்தும். அட்டை இதைச் சொல்வதில்லை.

சர்க்கரை நோயாளிகளின் கதை இதைவிடக் கவலை தருவது. கேரளமும் தமிழ்நாடும் சர்க்கரை மிகுந்த மாநிலங்கள்; புரை அறுவைக்கு வருபவர்களில் கணிசமானவர்கள் மாத்திரைப் பெட்டியோடுதான் வருகிறார்கள். விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு, மையப் பகுதியான மாக்குலாவில் தேய்வு, முற்றிய கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு ஒளியைப் பங்கு போடும் லென்ஸ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பலவீனமான விழித்திரைக்கு முழு ஒளி வேண்டும். அதில் பாதியை எடுத்து வேறு வேலைக்கு அனுப்புவது அதனிடமிருந்து பிடுங்குவதுதான். இன்று விழித்திரை நன்றாக இருந்தாலும், இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவருக்கு நாளை எப்படி இருக்கும் என்று யோசித்தாக வேண்டும். லென்ஸ் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கப் போகிறது. "வாழ்நாளில் ஒருமுறை செய்யும் செலவு, நல்லதாகவே போட்டுவிடலாம்" என்று சொல்கிறவர்கள் அந்த வாழ்நாள் என்ற சொல்லையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

மல்டிஃபோகல் ஏமாற்று வேலை என்று சொல்வதும் அதே அளவுக்குத் தவறு. விழித்திரை நன்றாக உள்ள, கருவிழி சீராக உள்ள, இரவில் வண்டி ஓட்டாத, கண்ணாடியை மனதார வெறுக்கிற ஒருவருக்கு அது பெரிய நிம்மதி. மேடையில் ஆடுகிறவர், சமையலறை ஆவியில் நாளெல்லாம் நிற்கிறவர், மூக்கில் கண்ணாடி தங்காத வேலை செய்கிறவர் யோசித்து முடிவெடுத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டோரிக்கும் அப்படியே. கருவிழியில் சிலிண்டர் பவர் குறிப்பிடத்தக்க அளவு உள்ளவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது. ஆனால் அது குறித்த கோணத்தில் துல்லியமாக உட்கார வேண்டும். பத்து டிகிரி திரும்பினால் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிலிண்டரே இல்லாத கண்ணுக்கு டோரிக் கேட்பது, கால் நன்றாக இருக்கிறவர் ஊன்றுகோல் வாங்குவது போல.

அடுத்தது, வெளிநாட்டு லென்ஸ் மேல் என்ற நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது.

1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானி கார்டன் கிளீவர் ஓட்டிய ஹரிக்கேன் போர் விமானத்தில் குண்டு பாய்ந்து, விமானி அறையின் ஒளிபுகும் கூரை சிதறி அவர் கண்களில் தைத்தது. அந்தக் கூரை பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி இத்தகைய விமானிகளின் கண்களைக் கவனித்து வந்தார். உள்ளே தங்கிவிட்ட துணுக்குகளைக் கண் எதிர்க்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அப்படியானால் அதே பொருளில் ஒரு லென்ஸ் செய்து வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் அதை முதன்முதலாகச் செய்து பார்த்தார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரைத் தூற்றினார்கள். அவர் எடுத்த பி.எம்.எம்.ஏ. என்ற அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்தான் பிறகு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கண்களில் அமர்ந்தது. 2000-இல் அவருக்கு 'சர்' பட்டம் வந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

இந்தியாவில் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஏழைக்குப் புரை அறுவை என்றால் லென்ஸை எடுத்துவிட்டு சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுப்பது. அந்தக் கண்ணாடியில் உலகம் கால்பங்கு பெரிதாகத் தெரியும். படியில் கால் வைத்தால் படி அங்கே இருக்காது. ஓரத்தில் வருகிற ஆள் திடீரென்று முளைப்பார். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த உள்விழி லென்ஸ் 80 முதல் 150 டாலர் வரை விற்றது. பணமிருந்தவர்களுக்கு வெளிநாட்டு லென்ஸ், இல்லாதவர்களுக்குச் சோடாப்புட்டி. வெளிநாட்டு லென்ஸ்மேல் உள்ள பக்தி அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்தக் காலத்தை முடித்து வைத்தது மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனும் துணை நின்றார்கள். முதலில் லென்ஸ் சுமார் 10 டாலர். பிறகு அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த லென்ஸ்கள் ஐரோப்பாவின் சி.இ. தரச்சான்று பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. காட்மாண்டுவில் நேபாளக் கண் மருத்துவர் சந்துக் ருயித்தின் திலகங்கா மையத்திலும் இதே நோக்கத்தோடு லென்ஸ் தயாராகிறது. வெளிநாட்டவர் கண்ணில் மதுரை லென்ஸ் இருக்கும்போது, மதுரைக்குச் சில மணி நேரத் தூரத்தில் இருப்பவர் "நம்மூர் லென்ஸா?" என்று முகம் சுளிப்பது வருத்தம் தருகிறது. அந்தச் சுளிப்புக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு மறக்கப்பட்டிருக்கிறது.

லென்ஸ்களுக்குள் உண்மையான வேறுபாடுகளே இல்லையா என்றால், உண்டு. மடிப்பு லென்ஸுக்குச் சின்னக் கீறல் போதும், கெட்டி லென்ஸுக்குப் பெரிய கீறல் வேண்டும். நீரை ஏற்காத அக்ரிலிக், நீரை ஏற்கும் அக்ரிலிக் என்று இரண்டு வகை; இரண்டாவதில் சில சூழல்களில் சுண்ணாம்பு படிந்து லென்ஸே மங்கியதுண்டு. லென்ஸின் பின் விளிம்பு கூர்மையாக இருந்தால், பையின் பின்சுவரில் செல்கள் படர்ந்து மறுபடி மங்குவது குறையும். ஆனால் இந்தக் கூர்விளிம்பு விலை உயர்ந்த லென்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. குறைந்த விலைக் கெட்டி லென்ஸிலேயே கூர்விளிம்பு வைத்து அரவிந்த் மருத்துவர்கள் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். உருண்டை விளிம்பு லென்ஸைவிட மங்கல் குறைவு என்று காட்டினார்கள். எனவே கேட்க வேண்டியவை இவை: எந்தப் பொருள், விளிம்பு எப்படி, மடிப்பதா? எந்த நாடு என்ற கேள்வியில் இவற்றில் எதற்கும் பதில் இல்லை.

குடும்பங்கள் கேட்க மறந்துவிடுகிற கேள்வி இன்னொன்று: கண்ணை எப்படி அளந்தார்கள்? அதற்கு மறுபடியும் தீவுக்குத்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்தத் தீவே அளவெடுத்ததன் விளைவு. 1920 ஏப்ரலில் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தபோது, காயல் கடலில் கலக்கும் வாயில் இறுகிய மேடு ஒன்று பெரிய கப்பல்களை வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அதை வெட்டினால் பக்கத்து வைப்பின் தீவின் கரை அரித்துப் போகுமா என்ற அச்சமும் இருந்தது. நீரோட்டத்தையும் மழைக்காலத்தையும் மணல் நகர்வையும் படித்த பிறகே 'லார்டு வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் முழு வேலையில் இறங்கியது. 1928 மே மாதம் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் புதிய வாய் வழியாக உள்ளே வந்தது. அள்ளிய மண்ணைக் கொட்டிப் பெருக்கியதுதான் இன்று நாம் நிற்கிற இந்தத் தரை.

கண்ணிலும் அளவுதான் எல்லாம். லென்ஸின் பவரைக் கணக்கிட, 1980-இல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் ஆகியோர் தந்த எஸ்.ஆர்.கே. சூத்திரம் எளிமையானது. லென்ஸுக்கான மாறிலியிலிருந்து கண்ணின் நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கருவிழி வளைவின் பவரை 0.9-ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். மாறிலி 118.4, நீளம் 23.5 மில்லிமீட்டர், வளைவு 44 டயாப்டர் என்றால் விடை 20-ஐ ஒட்டி வரும். இன்று இதைவிட நுட்பமான சூத்திரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த 2.5 சொல்லும் உண்மை மாறவில்லை: நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை டயாப்டர் பிசகும். நீளத்தை அளக்கும் மீயொலிக் கருவியின் முனையைக் கருவிழியில் சற்று அழுத்திப் பிடித்தாலே கண் குறுகித் தெரியும், கணக்கு தப்பும். கண் வறண்டிருந்தால் வளைவின் அளவு தப்பும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் அதைச் சில நாள் முன்பே நிறுத்தாமல் வந்தால் தப்பும். முன்பு லேசிக் செய்துகொண்டதைச் சொல்லாமல் விட்டால் பெரிதாகவே தப்பும்.

லட்ச ரூபாய் லென்ஸ் தப்பான பவரில் உட்கார்ந்தால் அது தப்பான லென்ஸ். ஒளியைப் பங்கு போடும் லென்ஸில் சின்னப் பிசகுகூடப் பெரிதாகத் தெரியும். ஆகவே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அளவு எடுக்கும் அறை. எந்தக் கருவியில் அளந்தார்கள், இரண்டு முறை அளந்தார்களா, இரு கண்ணின் அளவுகளும் ஒத்துப் போகின்றனவா? முற்றிய புரையில் ஒளிக்கருவியின் கதிர் உள்ளே போகாது, அப்போது மீயொலியால்தான் அளக்க வேண்டும். அதைச் செய்தவர் அனுபவசாலியா? இவற்றைக் கேட்க ஒரு ரூபாய் கூட ஆகாது.

பாதுகாப்பும் அட்டையில் இல்லாத ஒன்று. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ்த்தொற்று வந்தால் எந்த லென்ஸும் காப்பாற்றாது. அரவிந்த் மருத்துவர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைச் செலுத்தியதால் அந்தத் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02-க்கு இறங்கியிருந்தது. ஒரு சாதாரண மருந்து. "உங்கள் மருத்துவமனையில் இதைப் போடுகிறீர்களா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? அதே குடும்பம் லேசர் புரை அறுவைக்குக் கூடுதல் பணம் கட்டச் சம்மதிக்கும். பிரான்சில் நடந்த ஃபெம்காட் ஆய்வு 2020-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. லேசர் முறை வழக்கமான முறையைவிட மேல் என்று அதில் நிறுவ முடியவில்லை. நேபாளத்தில் ருயித்தும் அமெரிக்க மருத்துவர் டேவிட் சாங்கும் நடத்திய ஒப்பீடு 2007-இல் வந்தது. மீயொலியால் புரையை உடைக்கும், இயந்திர விலை அதிகமான ஃபேக்கோ முறையிலும், கையால் செய்யும் தையலில்லாச் சிறுகீறல் முறையிலும் ஆறு மாதம் கழித்து 98 விழுக்காட்டினருக்கு நல்ல பார்வை.

அரசின் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் செயற்கை மூட்டுக்கும் விலை உச்சவரம்பு வந்தது. ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகள் நடக்கும் நாட்டில் கண் லென்ஸுக்கு அப்படி ஒரு வரம்பு வரவில்லை. விலை அட்டைகள் இவ்வளவு உயரம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வரம்பு வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது, புரை காத்திருக்காது.

இனி தோபிக்கானாப் பெரியவர். அவருக்கு வேண்டியது முழங்கை மடித்த தூரத்துப் பார்வை. அட்டையை நம்பினால் அவருக்கும் ட்ரைஃபோகல்தான் தீர்வு. ஆனால் சாதாரண மோனோஃபோகலிலேயே வேறு வழிகள் உண்டு. பவரைத் தூரத்துக்குப் பதிலாகக் கிட்டத்துக்குக் குறிவைத்து வைக்கலாம்; துணியில் குறி பார்க்கும்போது கண்ணாடி வேண்டாம், பஸ் பலகை படிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். அல்லது ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைச் சற்றுக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன். கண் டாக்டர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருவது. இவற்றில் எதற்கும் லென்ஸின் விலை ஒரு ரூபாய் கூடுவதில்லை. கூடுவது பேச்சு மட்டும். டாக்டர் "ஐயா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டுப் பவரைக் குறிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் மிளகு தரம் பிரிப்பவருக்கும், தோப்பும்படித் துறையில் வலை பின்னுபவருக்கும், வீட்டில் பூ கட்டும் பாட்டிக்கும் அதே கேள்விதான் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பணத்தைப் பார்க்காதே என்று தொடங்கும் பாசத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அம்மா கண்ணுக்கு லட்சம் செலவழிக்கத் தயாராக இருக்கும் மகன் நல்ல மகன். அந்தப் பாசம் விலை அட்டை முன்னால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோக வேண்டாம் என்பதே கோரிக்கை. அம்மா எதைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், மருத்துவமனைக் கவுன்சலருக்குத் தெரியாது. அவள் இரவில் எழுந்து விளக்கில்லாமல் முற்றத்துக்குப் போகிறாளா, சீரியல் பார்க்கிறாளா, தினமும் ஜபப் புத்தகம் வாசிக்கிறாளா, சர்க்கரை எத்தனை ஆண்டு, முன்பு கண்ணுக்கு லேசர் போட்டதுண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அது எந்த லென்ஸைவிடவும் அவளுக்கு உதவும்.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் இரண்டுக்குமான லென்ஸை முதல் நாளே முடிவு செய்து பணம் கட்ட வேண்டியதில்லை. முதல் கண் ஆறட்டும். சில வாரங்கள் கழித்து அம்மா இருட்டிய பிறகு பிள்ளையோடு பாலத்தில் நின்று காயல் விளக்குகளைப் பார்க்கட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும், பேப்பர் விரிக்கட்டும். எதில் குறை தெரிகிறது என்று அவளே சொல்வாள். இரண்டாவது கண்ணின் பவரையும் வகையையும் அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். முதல் கண்ணுக்குக் கண்ணாடி ஒத்துப் போய்விட்டால் அதே லென்ஸ் போதும். பொருந்தவில்லை என்று தோன்றினால், பை மங்கியது என்று யாக் லேசர் போட்டுக்கொள்வதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். லேசர் பையின் பின்சுவரைத் திறந்துவிட்ட பிறகு லென்ஸை வெளியே எடுத்து மாற்றுவது மிகக் கடினம். டிஸ்சார்ஜ் தாளில் லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அதை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.